சரி போடாத புஷ்பலதா

சேலத்து ஆபீசில் புஷ்பலதாவுக்கு 'அடிவாரம் செக்போஸ்ட்' என்று பட்டப்பெயர். மலையேற வரும் வண்டியை மறித்து, கண்ணாடியை இறக்கச் சொல்லி, டிக்கியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தானே விடுவார்கள், அந்த மாதிரி. யார் எழுதிய ஆவணமானாலும் அவள் படித்துச் 'சரி' போடாமல் வெளியே போகாது. முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்தவர்கள் நாளடைவில் முகத்துக்கு நேராகவே சொல்லத் தொடங்கினார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. செக்போஸ்ட் இருந்தால்தானே லாரிக்காரன் ஒழுங்காகப் போவான் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.

அவள் படித்தது கதையும் அல்ல, கட்டுரையும் அல்ல. டிரைவர் ஆவணம். டிரைவர் என்றதும் கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை ஒடிக்கிறவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். கம்ப்யூட்டர் சொல்வதை மோட்டாருக்கும் விளக்குக்கும் எடுத்துச் சொல்கிற சின்ன நிரலுக்கு அந்தத் தொழிலில் அதுதான் பெயர். சர்க்யூட் போர்டில் கறுப்பாக ஒரு சிப் உட்கார்ந்திருக்கும். அதன் ஓரத்தில் வரிசையாகக் கால்கள். ஒவ்வொரு காலுக்கும் ஒரு வேலை உண்டு, ஒரு பெயர் உண்டு. எந்தக் காலுக்கு என்ன பெயர், அதில் ஒன்று போட்டால் என்ன நடக்கும், சைபர் போட்டால் என்ன நடக்கும் என்று எழுதி வைப்பதுதான் அந்த ஆவணம். ஒன்று என்றால் அந்தக் காலில் மின்சாரம் இருக்கிறது, சைபர் என்றால் இல்லை. அந்தப் பெயர்கள் சரிதானா என்று வரிவரியாகப் பார்த்துச் சொல்வது புஷ்பலதாவின் பிழைப்பு. பேர் பார்ப்பதற்கெல்லாம் சம்பளமா என்று அவள் மாமியாரே கேட்டிருக்கிறார்.

நாகலூரை ஒட்டிய மலைக்கிராமம் அவளுக்கு. அப்பனுக்குக் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் ஆரஞ்சு, மேட்டில் சாமை. விவரம் தெரிந்த நாள் முதலாகவே பிடிவாதம். அழுது சாதிக்கிற பிள்ளை இல்லை, பட்டினி கிடந்து சாதிக்கிற பிள்ளையும் இல்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். பொறியியல் படிக்கச் சேலம் போகிறேன் என்று அப்படித்தான் கேட்டாள். காது புளித்துப்போய் அப்பன் அனுப்பி வைத்தார்.

படிப்பு முடிந்து பெங்களூரில் கேமரா சிப் செய்கிற ஒரு கம்பெனி. நிரல் எழுதத் தெரிந்தவளை ஆவணப் பிரிவில் உட்கார வைத்துவிட்டார்களே என்று ஆரம்பத்தில் பொருமினாள். ஒரு நாள் அவள் கண்ணெதிரிலேயே லென்ஸ் நகர்த்துகிற குட்டி மோட்டார் ஒன்று புகைந்து கருகியது. பெயரைத் தலைகீழாக எழுதியிருந்ததுதான் காரணம். அதோடு பொருமல் நின்றது. சிப் செய்தவன் காலுக்கு என்ன பெயர் வைத்தானோ அதைத்தான் ஆவணத்திலும் எழுத வேண்டும், உன் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. பெயர் எதைச் சொல்கிறதோ அதுதான் ஒன்று போட்டால் நடக்க வேண்டும். இந்த இரண்டையும் அங்கே கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு யாருக்காகவும் இரண்டையும் விட்டுக்கொடுத்ததில்லை.

கல்யாணமாகி ஊருக்கே திரும்பினாள். புருஷன் பிரபாகர் நாகலூரில் பல்ப்பர் வைத்திருக்கிறார். சின்ன விவசாயிகள் மூட்டையில் கொண்டுவரும் காப்பிப் பழத்தைத் தோலுரித்துக் கொடுக்கிற மிஷின் அது. உருளையாக ஒரு டிரம், எதிரே ஒரு இரும்புத் தகடு, இரண்டுக்கும் நடுவே பழம் நசுங்கித் தோல் ஒரு பக்கமும் கொட்டை ஒரு பக்கமும் போகும். நாகலூர் வீட்டில் நெட் சரியாக நிற்காது என்பதால், மலைமேல் கடைத்தெருவான ஒண்டிக்கடையில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் அறை பிடித்து, தினமும் பஸ்ஸில் வந்து உட்கார்ந்து சேலம் கம்பெனிக்கு வேலை பார்த்தாள். கீழே பன் வேகிற வாசனை, ஜன்னலுக்கு வெளியே ஜீப்காரர்கள் ஆள் பிடிக்கிற சத்தம். இவள் சிப்பின் காலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தக் கம்பெனி போர்வெல் மோட்டாருக்குக் கன்ட்ரோல் போர்டு செய்து பேர் வாங்கியது. அடுத்து பல்ப்பருக்கும் ஒன்று செய்தார்கள். பழம் எவ்வளவு போகிறது, மோட்டார் சூடேறுகிறதா என்றெல்லாம் போனிலேயே தெரியும். கரண்ட் போனால் மோட்டாரை நிறுத்தி வைத்து, யாராவது பட்டனை அமுக்கும்வரை கிளப்பாது என்பதுதான் விளம்பரத்தில் முதல் வரி. அறுவடைக்குள் நாகலூர்ப் பக்கம் எல்லாப் பல்ப்பருக்கும் மாட்டித் தருவதாக மேனேஜர் சேகர் வாக்குக் கொடுத்துவிட்டார். ஆவணம் புஷ்பலதாவிடம் வந்தது.

மோட்டாரை ஓட்டுகிற சிப்பில் ஒரு காலுக்கு, செய்த கம்பெனிக்காரன் 'ஷட்டவுன்' என்று பெயர் வைத்திருந்தான். ஒன்று போட்டால் நிற்கும், சைபர் போட்டால் ஓடும். பேருக்கேற்ற வேலை. நம் ஆபீசில் டிரைவர் எழுதிய தமிழ்செல்வனோ, மோட்டார் ஓடுவதற்கான கால்தானே என்று அதற்கு 'ரன்' என்று பெயர் மாற்றியிருந்தார். காலின் குணம் மாறுமா? ஆக, ரன்னுக்கு ஒன்று போட்டால் மோட்டார் நிற்கும், ரன்னுக்கு சைபர் போட்டால் ஓடும். இந்தக் கூத்து போர்வெல் போர்டிலேயே தொடங்கிவிட்டது. தண்ணீர் ஏறினால் சரியென்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆவணத்தில் ஓர் உதாரணம் கொடுத்திருந்தார்கள். போர்டு விழித்தெழுந்ததும் மோட்டார் நிற்க வேண்டும் என்பதற்காக விக்னேஷ் என்ற புதுப் பையன் எழுதியது. ரன்னுக்கு சைபர் என்று போட்டிருந்தான். பெயரைப் படித்த எவனும் அதைத்தான் போடுவான். அந்த வரி அப்படியே போனால், கரண்ட் வந்ததும் பல்ப்பர் தானாக ஓடத் தொடங்கும். புஷ்பலதா அந்த வரியைத் தாண்டிப் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று தெரிய வேண்டுமானால் பல்ப்பர் வீட்டு வழக்கம் தெரிய வேண்டும். பழைய ஸ்டார்ட்டரில் பச்சை பட்டன், சிவப்பு பட்டன் இரண்டுதான். கரண்ட் போனால் உள்ளே இணைப்பு தானாக விட்டுப்போகும். மறுபடி பச்சையை அமுக்காமல் மோட்டார் ஓடாது. பழம் வருகிற பருவத்தில் மூட்டைகள் வரிசையில் காத்திருக்கும்போது சுத்தம் செய்ய மிஷினை யார் நிறுத்துவார்கள்? மழையும் மூடுபனியுமாகக் கரண்ட்தான் அடிக்கடி போகிறதே. போன அந்த நிமிஷமே ஆட்கள் கையை விட்டு, டிரம்மில் சிக்கிய குச்சியையும் தோலையும் வழித்துப் போடுவார்கள். சிவப்பு பட்டனை யாரும் தொடுவதில்லை. புஷ்பலதாவும் பிள்ளையிலிருந்து அப்படித்தான் வழித்திருக்கிறாள். இன்றுவரை ஒரு விரலுக்கும் ஒன்றும் ஆனதில்லை.

அவள் 'சரி' போடவில்லை. பெயரை ஷட்டவுன் என்று மாற்றுங்கள், பிறகு பார்க்கலாம் என்று எழுதி அனுப்பினாள். மறுநாள் சேகர் வீடியோ காலில் கூப்பிட்டார். பக்கத்தில் தமிழ்செல்வன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க மேடம், விக்னேஷ் தப்பா போட்டிருக்கான். ஒரே ஒரு வரி. சைபரை ஒன்னு ஆக்கிட்டா முடிஞ்சுது" என்றார் தமிழ்செல்வன். "இதுக்குப் போயி பேரையே மாத்தோணும்ங்கறீங்க."

"பேரு அப்படியே இருந்தா அடுத்த ஆளும் அதே சைபரைத்தானுங்க சார் போடுவாரு."

"பேரு வெச்சவனே நானுங்க. எனக்குத் தெரியாதா? அவன் புதுசு, சொல்லிக் குடுத்துட்டேன்."

"உங்களுக்குத் தெரியும் சார். ஆவணம் உங்களுக்காக எழுதறதில்லைங்களே."

தமிழ்செல்வன் கெட்டவர் இல்லை. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஏற்கெனவே போர்வெல்களில் மாட்டிய போர்டுகளின், காலுக்குப் பெயர் குறித்திருக்கும் அமைப்பு ஃபைலில் எல்லாம் ரன் என்றுதான் எழுதியிருக்கிறது. பெயரை மாற்றினால் அடுத்த அப்டேட்டில் அவை அத்தனையும் புதுப் பெயர் புரியாமல் பேந்தப் பேந்த விழிக்கும். அதற்கும் புஷ்பலதா வழி வைத்திருந்தாள். பழைய போர்டுக்குப் பழைய பெயர் செல்லட்டும், வழக்கொழிந்த பெயர் என்று ஆவணத்தில் குறித்துவிடலாம். புதுப் போர்டில் அந்தப் பெயரைப் பார்த்தாலே டிரைவர் மோட்டாரைத் தொடாமல் ஒதுங்கிவிட வேண்டும். செய்யலாம்தான், ஆனால் வேலை இரட்டிப்பு. அறுவடையோ வாசலில் நின்றது.

"மெயினை ஆஃப் பண்ணீட்டுத்தான் கை வெக்கோணும்னு மேனுவல்ல கொட்டை எழுத்துல போட்டிருக்குதுங்களே" என்றார் சேகர்.

"போட்டிருக்குதுங்க சார். பல்ப்பர்ல வேலை செய்யற பூவாயி அக்காகிட்ட அதைப் படிச்சே காட்டுனேன். கரண்ட்டே இல்லாதப்ப எதைக் கண்ணு ஆஃப் பண்றதுன்னு கேட்டாங்க. எங்கிட்ட பதில் இல்லைங்க. உங்ககிட்ட இருந்தாச் சொல்லுங்க, போய்ச் சொல்லீர்றேன்."

சேகர் காலண்டரைப் பார்த்தார். வாரக்கடைசிக்குள் முடிக்காவிட்டால் வேறு ஆளை வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டியிருக்கும் என்று மட்டும் பட்டும்படாமல் சொல்லிவைத்தார். வீடியோ கால் முடிந்தபின் புஷ்பலதா ஆவணத்தை மறுபடி திறந்தாள். வேலை போனால் போகட்டும் என்று சொல்ல வாய்க்கு எளிது. மலைமேல் இருந்துகொண்டு இப்படி இன்னொரு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். பயமாகத்தான் இருந்தது. இருந்தும் கை 'சரி'யின் பக்கம் போகவில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. பிரபாகருக்கு அந்தப் போர்டின்மேல் ஒரு கண். "ஊரே மாட்டறப்ப நம்ம ஊட்டுல மட்டும் பழைய பட்டனை அமுக்கீட்டு நிக்கறதா? நீ நொம்பத்தான் பண்றே புஷ்பா" என்றார். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மாட்டலாமுங்க. பேரை மாத்தட்டும், நானே வந்து ஸ்க்ரூ முடுக்கித் தர்றேன்" என்றாள். கேட்டதையே கேட்கிற பிள்ளை வளர்ந்து சொன்னதையே சொல்கிற பெண்பிள்ளையாகியிருக்கிறது என்று மாமியார் முணுமுணுத்தார்.

கடைசியில் தமிழ்செல்வனே மலையேறி வருவதாகச் சொன்னார். திருத்திய நிரலோடு போர்டைப் பிரபாகரின் பல்ப்பரிலேயே மாட்டி ஓட்டிக் காட்டுவது, அதைப் பார்த்தாவது அவள் மனம் இறங்குகிறதா என்று பார்ப்பது. "வாங்க சார். சரி போடறதும் போடாததும் பொறவு" என்றாள் புஷ்பலதா.

வந்தார். பிரபாகர் ஜீப்பிலேயே ஒண்டிக்கடையிலிருந்து கூட்டிப் போனார். பல்ப்பர் கொட்டகையில் தோல் புளித்த வாடை தூக்கியடித்தது. பூவாயி முழங்காலுக்குப் புடவையைச் செருகிக்கொண்டு தொட்டியில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். தமிழ்செல்வன் மூக்கைப் பிடிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை, சட்டைக்கையை மடித்துவிட்டு வேலையைப் பார்த்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சுவரில் போர்டை மாட்டினார், கம்பிகளை முடுக்கினார், கரண்ட் போனாலும் போர்டை விழித்திருக்க வைக்கிற குட்டி பேட்டரியை, போர்டு முதலிலிருந்து விழிப்பதைக் காட்டுவதற்காகக் கழற்றினார். மெயினை அணைத்துப் போட்டார். போர்டு விழித்தது. டிரம் அசையாமல் நின்றது. இன்னொரு தரம் செய்தார். நின்றது.

"நிக்குதே கண்ணு" என்றார் பூவாயி.

பிரபாகர் மனைவியைப் பார்த்தார். இன்னும் என்ன என்று அந்தப் பார்வை கேட்டது. புஷ்பலதாவுக்கே ஒரு கணம் சந்தேகம் தட்டியது. பெயர், பெயர் என்று தான்தான் ஆடு தாண்டுகிற வாய்க்காலை ஆறு என்கிறோமோ? ஆனாலும், "பழம் போட்டு ஓட்டிப் பாத்தரலாமுங்க" என்றாள்.

தமிழ்செல்வன் பேட்டரியைத் திரும்பப் பொருத்தினார். பூவாயி மூட்டையைக் கவிழ்த்தார். மோட்டார் கிளம்பி, சிவப்புத் தோல் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு விழுந்தது. வெளியே சில்வர் ஓக் மரங்களை மூடிக்கொண்டு மூடுபனி இறங்கியது. கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. பிறகு பழத்தோடு வந்த குச்சி ஒன்று தகட்டில் மாட்டி மிஷினின் சத்தம் கரகரத்தது. பூவாயி எட்டிப் பார்ப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

டிரம் தள்ளாடி நின்றது. தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மிஷினுக்குப் பக்கத்தில் நின்றவள் புஷ்பலதா. "பேட்டரியில போர்டு முழிச்சுத்தானுங்க இருக்கும்?" என்று தமிழ்செல்வனிடம் கேட்டுக்கொண்டே குனிந்து, டிரம்முக்கும் தகட்டுக்கும் நடுவே கையை விட்டாள். ஆமாம், அவள்தான். இத்தனை நாள் இதே கைக்காகச் சண்டை போட்டவள்தான். குச்சி வரவில்லை. ஒருக்களித்து இழுத்தாள். வந்தது. கையை வெளியே எடுக்கும்போது கரண்ட் வந்தது.

யாரும் எந்தப் பட்டனையும் அமுக்கவில்லை. டிரம் சுற்றியது.

பிரபாகர் பாய்ந்து மெயினை இழுத்தார். புஷ்பலதா கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நடுவிரல் நகம் போய்விட்டது, நுனியில் சதை கொஞ்சம். மற்றதெல்லாம் இருந்தது. ஒரு மூச்சு தாமதித்திருந்தால் கை போயிருக்கும். பூவாயி ஓடிவந்து காப்பித்தூளை அப்பி, தன் முந்தானையைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். வலி அப்புறம்தான் வந்தது, வந்தபோது புஷ்பலதா வாய்விட்டு அழுதாள்.

பிரபாகர் ஸ்பேனரை எடுத்தார், ஆசைப்பட்ட போர்டைச் சுவரிலிருந்து கழற்றினார், மூலையில் கிடந்த பழைய ஸ்டார்ட்டரைத் துடைக்க ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று மட்டும் இரண்டு தரம் கூப்பிட்டார். கொஞ்சம் இருங்க என்றாள் அவள்.

தமிழ்செல்வன் சாக்குமூட்டைமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தேடினார். விக்னேஷ் எழுதிய இடம் போர்டு புதிதாக விழிக்கும்போது நடப்பது. அது திருத்தப்பட்டுவிட்டது, சரியாகவே நின்றது. ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பேட்டரியில் விழித்திருக்கும் போர்டு வேறொரு இடத்துக்குப் போகும். மோட்டாரை நிறுத்து என்று அங்கே ஒரு வரி, அதிலும் ரன்னுக்கு சைபர். அந்த வரி புஷ்பலதாவிடம் வந்த ஆவணத்தில் இல்லை. சேலத்தில் யு.பி.எஸ். புண்ணியத்தில் கரண்ட்டே போகாத மேஜைமேல் வைத்துச் சோதித்தார்கள். கரண்ட் போன மாதிரி ஒரு பட்டனைத் தட்டினார்கள், ரன் சைபர் என்று திரையில் வந்தது, எல்லோரும் திருப்தியாக டீ குடிக்கப் போனார்கள்.

சேகர் போனில் வந்தார். முடிஞ்சுதுங்களா, மத்த இடத்துக்கெல்லாம் போர்டு ஏத்தி அனுப்பட்டுமா என்று கேட்டார். "எதையும் ஏத்தாதீங்க சார். தேதியைத் தள்ளிப் போடுங்க. நான் பேரை மாத்தீட்டு இருக்கேன்" என்றார் தமிழ்செல்வன். மறுமுனையில் சேகர் என்னவோ சத்தம் போட்டார். தமிழ்செல்வன் போனை மடியில் வைத்துவிட்டார்.

பிறகு புஷ்பலதாவைப் பார்த்துக் கேட்டார். "இவ்வளவு தெரிஞ்சவங்க, இத்தனை நாளா சொன்னவங்க, நீங்களே எப்புடிங்க மேடம் கையை விட்டீங்க?"

"யோசிக்கலைங்க சார். கரண்ட் போச்சு, கை தானா உள்ள போயிருச்சு."

அவர் திரையில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். "அந்த வரியை எழுதுனது விக்னேஷ் இல்லைங்க. நான்" என்றார். "மோட்டார் நிக்கோணும்னு நினைச்சேன், ரன்னுன்னு இருந்துது, சைபரைப் போட்டேன். நானும் யோசிக்கலைங்க."

பூவாயி தொட்டியில் தண்ணீரை அடைத்தார். தமிழ்செல்வன் ஒவ்வோர் இடமாகப் பெயரை மாற்றிக்கொண்டு வந்தார். பழைய பெயரைப் பார்த்தால் புதுப் போர்டு மோட்டாரைத் தொடக் கூடாது என்பதையும் எழுதினார். முடித்துவிட்டு, "இப்பச் சரிங்களா?" என்றார்.

புஷ்பலதா முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடது கையால் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். "பாத்துட்டுச் சொல்றேனுங்க" என்று முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.